தோணி மாமியும் பதினோரு நிமிடப் பாட்டும்

எங்கள் தெரு மாமி எந்தக் கதவையும் தாழிட மாட்டார். குளியலறைக் கதவையும்தான். நவராத்திரிக் கொலுவுக்கு அவர் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இது தெரியாது. வந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருக்க, பின்பக்கத்துக் குளியலறையிலிருந்து கணீரென்று ஒரு பாட்டு வந்தது.

"மாமி குரல்தானேம்மா அது?"

"மாமியாக்கும். பாட்டு நின்னப்பறம்தான் அந்தப் பக்கம் போகணும் கேட்டியோ," என்றாள் அம்மா.

"ஏன், தாழ்ப்பாள் கெட்டுப்போயிருக்கா?"

"தாழ்ப்பாளுக்கு ஒண்ணும் இல்லை. அவா போட மாட்டா. ரெண்டு வருஷமா இப்படியாயிட்டா பாவம். முன்னாடி நன்னாத்தான் இருந்தா."

உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்குப் பாட்டுதான் அடையாளம். அவர் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாலாவது மாடி. லிஃப்டில் ஏற மாட்டார், மூச்சு வாங்க மூச்சு வாங்கப் படியேறுவார். ஆட்டோவில் ஏறினால் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே பாதி தொங்கவிட்டுக்கொள்வார். கரமனையில் ஓடும் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் காலைத் தெரியும். "மாமீ, கால் அகத்து வை," என்று கத்துவார்கள். "நீ வண்டியை ஓட்டு, காலை நான் பாத்துக்கறேன்," என்பார் மாமி. கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் வரிசையின் கடைசி இலைதான். நடு இலையில் உட்காரவைத்தால், பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். மாமியிடம் குறை காணும் புத்தி அப்போது எனக்குக் கிடையாது. ஏனென்றால் மாமிதான் 'தோணிக்காரி'.

திருவனந்தபுரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'தோணிக்காரி' கரமனைத் தெருக்காரர்கள் கூடிப் போட்ட இசைநாடகம். பாதி தமிழ், பாதி மலையாளம். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நாடகத்தையும் நடத்தியவர் எங்கள் தெருவில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மாஷ். கதை சின்னது. ஆற்றில் தோணி விட்டுப் பிழைக்கிறாள் ஒருத்தி. ராஜா பாலம் கட்டுகிறார். ஊரே பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய்விடுகிறது. அவள் மட்டும் நட்டாற்றில், தோணியில் உட்கார்ந்து பாடுகிறாள். தண்ணீர் ஏறுகிறது. அவள் இறங்கவில்லை. பதினோரு நிமிடம் பாடுகிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

தெருவோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கழக்கூட்டத்திலிருந்து ஐ.டி. கம்பெனிக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். எழுநூறு பேர் கொள்ளும் அரங்கம் வருஷக்கணக்கில் நிறைந்தது. கோழிக்கோட்டிலிருந்து ரயிலேறி வந்து பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். கடைசிப் பாட்டின் வரியை மார்பில் அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தவர்களையும் தெரியும். நானும் அதில் ஒருத்தி.

அந்த வரி இதுதான்: 'ஆழம் எவ்வளவென்று ஆற்றைக் கேட்காதே, அமர்ந்திருப்பவளைக் கேள்.' மாமி இதைப் பத்தொன்பது தடவை பாடுவார். பத்தொன்பதும் பத்தொன்பது விதம். ஆறாவது தடவையில் சட்டென்று தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். அதை நாங்கள் 'ஆறாம் பார்வை' என்போம். கரையை, கடந்துபோன வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறாளாம். ஒன்பதாவது தடவையில் குரல் திடுமென்று மேலே போகும். அந்த இடத்தில் அழாதவனை நாங்கள் மனுஷனாகவே மதிக்கவில்லை.

நான் முப்பத்தொரு தடவை பார்த்தேன். ரசிகர்களின் வாட்ஸப் குழுவை நடத்தியதும் நான்தான். 'அவள் ஏன் இறங்கவில்லை?' என்று ஒரு கட்டுரை எழுதினேன். தோணி என்பது பெண்ணின் தன்மானம், பாலம் என்பது அதிகாரம் என்றெல்லாம் போகும். மாஷ் அதை நாடக மலரில் முதல் பக்கத்தில் போட்டார். இன்று அதைப் படித்தால் காது சுடுகிறது.

ரசிகர்களுக்கு மாஷ் ஒரு சலுகை கொடுத்திருந்தார். மேடையில் ஆற்றுத் தண்ணீராக வருவது நீளமான நீலத் துணி. தோணியைச் சுற்றி நாலு பேர் குனிந்து உட்கார்ந்துகொண்டு அதை ஆட்ட வேண்டும். அந்த நாலு இடத்துக்கு ரசிகர்களிடையே அடிபிடி. முறை வைத்துக்கொண்டோம். குழுவை நடத்துகிறவள் என்பதால் என் முறை கொஞ்சம் அடிக்கடி வரும். அப்படித்தான் அந்தத் தோணியை நான் கிட்டத்தில் பார்த்தேன்.

அடியில் சக்கரம் வைத்த மரத்தோணி. பார்க்க உயரமாக இருக்கக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு பெட்டி மாதிரி பள்ளம் செய்திருந்தார்கள். மாமி அதில் காலை மடக்கி இறங்கி உட்கார வேண்டும். துடுப்புப் போடும்போது விழாமல் இருக்க மடிக்குக் குறுக்கே ஒரு பலகை, திருவிழா ராட்டினத்தில் போடுகிற கம்பி மாதிரி. அதை வெளிப்பக்கத்திலிருந்துதான் தாழிட முடியும். இடைவேளை முடிந்ததும் மாமியை உள்ளே இறக்கி, பலகையைப் போட்டு, தாழ்ப்பாளைத் தள்ளுவார்கள். அதிலிருந்து நாடகம் முடிகிற வரை ஒரு மணி நேரம் பத்து நிமிடம். காலை நீட்ட முடியாது. எழுந்திருக்க முடியாது. நாடகம் உள்ள நாளில் மாமி காலை பத்து மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்த வருஷம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்திருந்தது. தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லித் திட்டிய டாக்டர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

கொலு சமயத்தில் மாமியின் பாடு இன்னும் மோசம். எங்கள் தெருவில் கொலுவுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு பாட்டுப் பாடாமல் போக முடியாது. மற்றவர்களிடம் "ஏதாவது பாடு" என்று கேட்பார்கள். மாமியிடம் "அதைப் பாடுங்கோ" என்பார்கள். ஒன்பது நாளும், வீட்டுக்கு வீடு, அதே பாட்டு. வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வரி பாடிவிட்டு, "மதி, போறும், தொண்டை சரியில்லை," என்று வெற்றிலைப் பாக்கை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். அடக்கமாம். அப்படித்தான் குழுவில் எழுதினேன்.

என் ஆபீசில் பக்கத்து இருக்கையில் ஒரு கொல்லத்துக்காரன் இருந்தான். நாங்கள் போட்ட போடு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்த்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை கான்டீனில் சூழ்ந்துகொண்டு எப்படி என்று கேட்டோம்.

"கொள்ளாம்," என்றான். "பக்ஷே ஓவர்ரேட்டட் ஆணு. ரண்டாம் பாதி வல்லாத்த இழுப்பு."

நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஊர் கொண்டாடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, பின்பாதி இழுக்கிறது என்கிறான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் அனுப்பிய ஃபைலைக்கூட இன்னொருத்தி வழியாகத்தான் வாங்கினேன். மாமியும் நானும் ஆட்டோவில் வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் இதை அவரிடம் கொட்டித் தீர்த்தேன். மாமி கோபப்படுவார், குறைந்தது வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

மாமி சிரித்தார். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வெளியே தொங்கிய கால் ஆட ஆடச் சிரித்தார்.

"அந்தப் பையனை ஒரு நாள் ஆத்துக்குக் கூட்டிண்டு வாடீ குட்டி. என் கையால காப்பி போட்டுக் கொடுக்கணும்."

"மாமீ, அவன் ஓவர்ரேட்டட்னு சொல்றான்!"

"ஒருத்தனாவது சொன்னானே. எந்தா ஒரு ஆசுவாசம்!"

அப்போது ஆட்டோ கரமனைப் பாலத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது. முன்னாலும் பின்னாலும் பஸ், லாரி. மாமி சட்டென்று இறங்கினார். "நான் நடந்து போறேன், நீ வேணா இரு," என்றார். நானும் இறங்கினேன். நடைபாதையில், இரைச்சலுக்கு நடுவே நடந்துகொண்டு, கடையில் வாங்க வேண்டியதைச் சொல்வது போல அதைச் சொன்னார்.

"நீ எழுதினதை வாசிச்சேன் கேட்டியோ. ரொம்ப நன்னா எழுதியிருக்கே. ஆனா அவ ஏன் எறங்கலைன்னா, தாழ்ப்பாள் மாட்டிண்டுடுத்து. அவ்வளவாக்கும்."

எனக்குப் புரியவில்லை.

மாஷ் எழுதிய கதையில் கடைசிப் பாட்டு மூன்றே நிமிடமாம். அது முடிந்ததும் தோணிக்காரி எழுந்து, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தில் ஏறி நடந்து அக்கரைக்குப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் கூடி நின்று சிரித்து வரவேற்பார்கள், நாடகம் முடியும். முதல் நாளன்று பாட்டு முடிந்தது. தாழ்ப்பாள் வரவில்லை. தாழைத் திறக்கத் துணிக்கு அடியில் படுத்திருந்த ஆசாரி இழுக்கிறார், தட்டுகிறார், அசையவில்லை. மாமி மறுபடி அந்த வரியைப் பாடினார். மறுபடியும். வேறு என்ன செய்வது?

"ஆறாவது தடவை திரும்பிப் பாத்தேன் இல்லையா, ஆசாரி எங்கே தொலைஞ்சான்னு பாத்ததாக்கும் அது. அவன் கொறடு எடுக்கப் போயிருந்தான். ஒன்பதாவது தடவை சுத்தியலால அடிக்க ஆரம்பிச்சுட்டான். அந்தச் சத்தம் வெளியில கேக்கப்படாதேன்னு நான் தொண்டையைத் தொறந்தேன். பின்னே எனக்கு பயம் வந்துடுத்து. மூச்சு முட்டித்து. பலகையை இழுத்து இழுத்துக் கட்டைவிரல் கிழிஞ்சு போச்சு. பத்தொன்பதாவது தடவை மாஷ் வெளக்கை அணைச்சார். நான் இருட்டுல அழுதிண்டிருக்கேன், எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டறா."

கட்டைவிரலைக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு. அது துடுப்புப் போட்டு வந்த காய்ப்பு என்று குழுவில் படத்தோடு போட்டவள் நான்.

மறுநாள் எல்லாரும் அந்த முடிவையே புகழ்ந்தார்களாம். மாஷ் யோசித்தார். தாழ்ப்பாளை மாற்றினார், எண்ணெய் போட்டார், முடிவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். எத்தனையாவது வரியில் திரும்ப வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று மாமி பயந்த பயத்தை அப்படியே நோட்டில் எழுதி, வாரா வாரம் ஒத்திகை பார்க்க வைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு தடவை எழுந்து அந்தப் பாலத்துல நடக்கணும். அது போறும். பின்னே யார் வேணா நடிச்சுக்கட்டும்," என்றார் மாமி. நாங்கள் நிஜப் பாலத்தின் முடிவுக்கு வந்திருந்தோம். எங்கள் ஆட்டோ இன்னும் நடுவில்தான் நின்றது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று சொன்னது வேறு. "மாமி, இதை யார்கிட்டேயும் சொல்லாதேங்கோ," என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "செரி," என்றார்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். போகப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. மாஷ் வேறொரு பெண்ணைத் தோணியில் உட்காரவைத்தார். நல்ல குரல். மூன்றாவது வரிசையிலிருந்து, "எங்கே எங்க மாமி?" என்று ஒரு கூச்சல் எழுந்தது. அரங்கமே சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே பாடி முடித்தாள். மறுவாரம் அவளுடைய அம்மா மாமியின் வீட்டுக்கு வந்து, என் பெண்ணை இப்படி மாட்டிவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது வரிசையில் முதலில் கத்தியது யார் என்று மாமி என்னிடம் கேட்டதில்லை. தெரிந்துதான் இருந்திருக்கும்.

அதற்கப்புறம் மாமி மாஷிடம் நேரே போய், பழைய முடிவை ஒரு காட்சிக்காவது வைக்கச் சொன்னார். மாஷ் கெட்டவர் அல்ல. "ஜனங்கள் சம்மதிச்சா எனக்கென்ன?" என்று சொல்லி, ஜனங்கள் என்றால் யார் என்று யோசித்து, எங்கள் குழுவில் கேட்டார். பெயர் சொல்லாமல், 'முடிவை மாற்றலாமா என்று ஒரு யோசனை' என்று மட்டும். நான் நீளமாகப் பதில் எழுதினேன். அவள் இறங்கினால் அது வெறும் கதை, இறங்காததால்தான் காவியம் என்றேன். இருநூறு இதயக்குறிகள் விழுந்தன. உண்மை தெரிந்த ஒரே ரசிகை நான். அதைத் தெரிந்துகொண்டே எழுதினேன்.

மாமி அதையும் வாசித்திருப்பார்.

ஆடி மாதம், வெளியே மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் துணி முறை. நான் இருந்தது தாழ்ப்பாள் பக்கம். கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவே வயலின் கொஞ்ச நேரம் தனியாக வாசிக்கும். அப்போது மாமி உதடு அசையாமல், அரங்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"குட்டி, தாழைத் தொற."

என் கை தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. எழுநூறு பேர், மாஷ், குழு என்று பின்னால் எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சப்பைக்கட்டு. உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு மீதிப் பாட்டு வேண்டியிருந்தது. ஒன்பதாவது வரி இன்னும் வரவில்லை.

ஆறாவது வரியில் மாமி திரும்பிப் பார்த்தார். கரையை அல்ல, கடந்துபோன வாழ்க்கையை அல்ல, என்னை. நான் துணியை ஆட்டினேன். அன்றைக்கு ஒன்பதாவது வரி அதுவரை வராத உயரத்துக்குப் போனது. நான் அழுதேன். வெட்கம் கெட்டுப்போய், தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு ரசித்து அழுதேன்.

விளக்கு அணைந்ததும் பலகையைத் தூக்கிக் கை கொடுத்தேன். மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டு மாமி கேட்டார்: "உனக்குப் பிடிச்சிருந்துதோ?"

"ரொம்ப, மாமி."

"செரி."

அடுத்த வாரம் வரலட்சுமி நோன்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். குளியலறைக்குப் போனார். பாட்டு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அம்மா, "அப்பாடா, சொகமாயிட்டா," என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஆட்டோவிலும் ரெண்டு காலையும் உள்ளே வைத்து, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோக்காரர்கள் யாரும் கத்தவில்லை. நான் பேசியதற்கெல்லாம் "செரி" என்றார். நாடகத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. குழுவில் ஒருவர், மாமி முன்பைவிட ஆழமாகிவிட்டார் என்று எழுதினார். என் கொல்லத்துக்காரனிடம் நானே போய்ப் பேச ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஓணம் விடுமுறை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக் காட்சி. நாற்காலி போதாமல் ஓரத்திலெல்லாம் நின்றார்கள். முறைப்படி அன்று துணிக்கு வர வேண்டியவள் இன்னொருத்தி. கெஞ்சி அவள் இடத்தை வாங்கிக்கொண்டேன். எதற்காக என்று எனக்கே சரியாகத் தெரியாது. தாழ்ப்பாள் பக்கம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

கடைசிப் பாட்டுக்கு வயலின் எடுத்துக்கொடுத்தது. மாமி பாடவில்லை. மறந்துவிட்டாரோ என்று மறுபடி எடுத்துக்கொடுத்தார்கள். மாமி வாயைத் திறக்கவில்லை. பலகையின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வயலின் தயங்கித் தயங்கி வந்தது. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

பால்கனியிலிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது. 'ஆழம் எவ்வளவென்று...' அவ்வளவுதான். எழுநூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். மாமி தங்களைப் பாடச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் எல்லா வரியும் மனப்பாடம். செல்போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோளோடு தோள் சேர்ந்து ஆடிக்கொண்டு பாடினார்கள். மாஷ் பூரித்துப்போய்க் கையைத் தூக்கித் தாளம் போட்டார். ஆறாவது வரியில் எழுநூறு தலையும் ஒன்றாகப் பின்னால் திரும்பியது.

நான் கீழேயிருந்து மாமியின் முகத்தைப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குடை இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் மாட்டிக்கொண்டு மழையைப் பார்க்கிறவரைப் போல அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாடினாலும் பாடாவிட்டாலும் இந்தப் பாட்டு நிற்காது. அது அவருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். என்னிடம் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

தாழ்ப்பாளை இழுத்தேன். நன்றாக எண்ணெய் போட்டிருந்தது. சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. பலகையைத் தூக்கினேன்.

மாமி குனிந்து திறந்த பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கால் வரலைடீ," என்றார். ஒவ்வொரு காலாகப் பிடித்து வெளியே எடுத்தேன். என் தோளைப் பிடித்து எழுந்தார். எதிர்ப்பக்கம் துணி பிடித்திருந்த பெண் வாயைப் பிளந்து பார்த்தாள், ஆனால் ஆட்டுவதை நிறுத்தவில்லை. மாமி துடுப்பைத் தோளில் போடவில்லை, கம்பு மாதிரி ஊன்றிக்கொண்டார். நீலத் துணியை மிதித்து நடந்து, ஒட்டுப்பலகைப் பாலத்தில் ஏறினார். பாலம் கிறீச்சிட்டது. இத்தனை நாளில் யாரும் அவருக்காக அதில் ஒரு கைப்பிடி வைக்கவில்லை. மெதுவாக நடந்தார். நடுவில் நிற்கவில்லை, திரும்பவில்லை. அக்கரையில் இறங்கி, பக்கத்துத் திரைக்குப் பின்னால் போய் மறைந்தார்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பார்த்தவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். காலித் தோணி என்ன சொல்கிறது என்று மறுநாள் குழுவில் ஒருவர் மூன்று பக்கம் எழுதினார். அதற்கு இதயக்குறி போடாமல் இருந்ததுதான் ஒரு ரசிகையாக நான் செய்த கடைசிக் காரியம். மாமி அதற்கப்புறம் மேடை ஏறவில்லை. மாமாவுக்கு மாற்றலாகி இப்போது கோயமுத்தூரில் இருக்கிறார்கள். நாடகம் இன்னும் நடக்கிறது. வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்வி. நான் போகவில்லை.

அன்றைக்குத் துணியைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். வெளியே நல்ல வெயில். அரங்கத்து மதிலை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. மாமி வேஷம் கலைக்காமல், முழங்காலுக்கு மேல் முண்டும், நெற்றியில் பெரிய பொட்டுமாக நின்றுகொண்டு போஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாற்றுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். துடுப்பு, கடையில் தொங்கிய வாழைத்தாருக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. கடைப் பலகையில் ரெண்டு காலித் தம்ளர் இருந்தது. கையில் இருந்தது மூன்றாவது. நெஞ்சு நனைய நனையக் குடித்தார்.

உள்ளேயிருந்து பாட்டு மதிலைத் தாண்டி வந்தது. மாமி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, யாரோ பாடுகிற பாட்டைக் கேட்பது போலக் கேட்டார்.

"இன்னும் முடியலையா?"

"இல்லை மாமி. பதினாறாவது தடவை போயிண்டிருக்கு."

"கொள்ளாம்," என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் நீளமாக்கும், அல்லே?" என்றார்.

"ஆமா மாமி. ரொம்ப நீளம்," என்றேன்.

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் தம்ளரை நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு. இவளுக்கும் ஒண்ணு கொடு."